இந்த டியூப் இன்னைக்கும் தேவையா?

மருத்துவமனையில் நம் வீட்டு ஆள் படுத்திருக்கிறார், கட்டில் ஓரத்தில் யூரின் பை தொங்குகிறது என்றால், காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், இந்த டியூப் இன்னைக்கும் தேவையா?" தயங்காமல் கேளுங்கள். டாக்டர் தப்பாக நினைப்பாரோ என்று பயப்பட வேண்டாம். நல்ல டாக்டர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார். பதில் "தேவைதான்" என்றே வந்தாலும், அவர் அன்றைக்கு ஒருமுறை யோசித்துவிட்டுச் சொல்லியிருப்பார். அதுவே பெரிய லாபம்.

என் சித்தப்பா விஷயத்தில் நாங்கள் இதைக் கேட்கத் தவறினோம். அவர் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்கியை, பழைய பெயரில் கிர்க்கியை, புனேத் தமிழர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராணுவம், ஃபேக்டரி என்று வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே நிறைய. அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் அன்று கதீட்டர் போட்டார்கள். அது சரியான முடிவு. ஆனால் பிசியோதெரபிஸ்ட் வந்து வாக்கர் பிடித்து நடக்க வைத்த பிறகும் டியூப் அப்படியே இருந்தது. "ஆஜோபா (தாத்தா), நல்லா நடக்குறீங்களே" என்று சிஸ்டர் பாராட்டினார். சித்தப்பா ஒரு கையில் வாக்கரும் அதில் மாட்டிய யூரின் பையுமாக, கழிப்பறை வாசலைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார். கழிப்பறை வரை நடக்கிறவருக்கு எதற்கு டியூப் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் முன்பே குளிரும் காய்ச்சலும் வந்தது.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். இப்போது பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பயோஃபிலிம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். மாற்றி எடுத்த டியூபை கிட்னி ட்ரேயில் பார்த்தபோதுதான் அந்தப் பாடம் மனதில் இறங்கியது. நுனியில், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு, மங்கலான வெள்ளையில் வழவழவென்று ஒரு படிவு. தண்ணீர் டிரம்மின் உள்பக்கத்தை நாள்பட விட்டால் விரலில் ஒட்டுமே, அதே வழுக்கல்.

டியூப் உள்ளே போன சில நிமிடங்களிலேயே கதை தொடங்கிவிடுகிறது. சிறுநீரிலும் ரத்தத்திலும் இருக்கும் புரதங்கள் ரப்பர் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. டியூப் உராய்ந்து சிறுநீர்ப்பை புண்பட்டால், காயத்தை மூட உடம்பு அனுப்பும் ஃபைப்ரினோஜன் அங்கே வருகிறது. அதுவும் டியூபின் மேல் படிகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஸ்காட் ஹல்ட்கிரெனும் அவரோடு வேலை பார்த்த ஆனா ஃபுளோரஸ் மிரெலெஸும் கண்டுபிடித்தது இதைத்தான்: என்டெரோகாக்கஸ் பாக்டீரியா வெறும் சிலிக்கோனைப் பிடிக்கத் திணறும், ஃபைப்ரினோஜன் படிந்த சிலிக்கோனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். புண்ணை ஆற்ற உடம்பு அனுப்பியதே கிருமிக்குப் பிடிமானமாகிறது.

ஒட்டிய பாக்டீரியா பெருகும், தன்னைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளும் புரதமும் டிஎன்ஏவும் கலந்த கூழைச் சுரக்கும். அந்தக் கூழுக்குள் பல இனங்கள் சேர்ந்து வாழும் படலம்தான் பயோஃபிலிம். மேலே இருப்பவை வேகமாகப் பெருகும். ஆழத்தில் ஆக்ஸிஜனும் உணவும் குறைவு என்பதால் அங்கே இருப்பவை ஏறக்குறைய உறங்கும். பென்சிலின் வகை மருந்துகள் பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத்தான் கொல்லும். உறங்குவதை அவை தொடுவதில்லை.

இதை முதலில் பார்த்தவர் லேவன்ஹுக். 1680-களில் டெல்ஃப்ட் நகரத்தில், தன் பல்லிலிருந்து சுரண்டிய அழுக்கைத் தன் கையால் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்தார். வெளியே எடுத்து வினிகரில் கலந்தால் அந்தச் சிற்றுயிர்கள் செத்தன. வினிகரால் வாய் கொப்பளித்தபோது படிவின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை தப்பின. மருந்து சரிதான், ஆனால் போய்ச் சேரவில்லை. 300 வருஷம் கழித்து கனடாவின் கால்கரியில் பில் காஸ்டர்டனும் அவர் குழுவும் கதீட்டர் துண்டில் அதையே அளந்து காட்டினார்கள். 1985-இல் வந்த அந்த ஆய்வில், நீரில் மிதக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் டோப்ராமைசின் கொன்றது. அதே கிருமி கதீட்டர் மேல் படலமாக வளர்ந்திருந்தபோது, 1000 மைக்ரோகிராமில் 12 மணி நேரம் ஊறிய பிறகும் பிழைத்திருந்தது. அந்த அளவு மருந்தை மனித ரத்தத்தில் ஏற்ற முடியாது. சிறுநீரகமும் காதும் போய்விடும்.

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு நேராக 'எஸ்' என்று போட்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கேட்கும் என்று அர்த்தம். ஆனால் லேபில் அந்தச் சோதனை மிதக்கும் கிருமியை வைத்துத்தான் நடக்கிறது. டியூபில் ஒட்டியிருப்பவை அந்த ரிப்போர்ட்டுக்குக் கட்டுப்பட்டவை இல்லை. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கும், ஏனென்றால் மிதந்தவை செத்துவிட்டன. மருந்தை நிறுத்தினால் படலத்திலிருந்து மறுபடி கிளம்பும். 'நல்லாத்தான் இருந்தார், திரும்பவும் வந்துடுச்சு' என்று வீடு வீடாகக் கேட்கிற கதை இது.

அதனால் சிகிச்சையில் முதல் வேலை, முடிந்தால் டியூபை எடுத்துவிடுவது. எடுக்க முடியாத நிலையில், டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்திருந்தால், மாற்ற வேண்டும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2009 வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: கல்ச்சருக்கு யூரினைப் புது டியூபிலிருந்து எடுக்க வேண்டும். பழைய டியூபிலிருந்து எடுத்தால் சிறுநீர்ப்பையில் இருப்பது எது, டியூபில் குடியிருப்பது எது என்று பிரிக்க முடியாது. யூரின் பையிலிருந்து எடுத்து அனுப்புவது சுத்தமாகப் பயனில்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி மருந்து போட்டால் நோயாளிக்கு இல்லாத நோய்க்கு மருந்து போகும்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறார். ஆனால் யூரின் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று கல்ச்சர் அனுப்புவது, கிருமி வந்ததும் ஆன்டிபயாடிக் தொடங்குவது. கதீட்டர் போட்டவருக்கு ஒரு நாளுக்கு 3 முதல் 7 சதவீதம் என்ற கணக்கில் சிறுநீரில் பாக்டீரியா சேர்கிறது. ஒரு மாதம் ஆனால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். அறிகுறி இல்லாத அந்தப் பாக்டீரியாவுக்கு மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள் போன்ற சிலர் மட்டும் விலக்கு. மற்றவர்களுக்குக் கொடுத்தால் படலம் கரையாது. சாதுவான கிருமி போய், மருந்துக்கு மசியாத கிருமி அந்த இடத்தைப் பிடிக்கும். படலத்துக்குள் கிருமிகள் நெருக்கமாக இருப்பதால் எதிர்ப்பு மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதும் எளிது.

நம் நாட்டில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு, இந்தியாவின் 26 மருத்துவமனைகள் சேர்ந்து 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை எடுத்த கணக்கு இருக்கிறது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2022-இல் வந்தது. 89 ஐசியுக்களில் 2622 ரத்தத் தொற்றும் 737 சிறுநீர்த் தொற்றும் பதிவாயின. ரத்தத் தொற்றில் முதலிடம் கிளெப்சியெல்லாவுக்கு. அந்தக் கிளெப்சியெல்லாவில் 72 சதவீதம், கடைசி ஆயுதம் போல நாம் வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. சிறுநீர்த் தொற்றில் 76 சதவீதம். சிறுநீரில் அதிகம் கிடைத்தது பாக்டீரியாவே இல்லை, கேன்டிடா என்ற பூஞ்சை. மருந்தை மாற்றி மாற்றிப் போட்டு பாக்டீரியாவை விரட்டிய இடங்களில் பூஞ்சை வந்து உட்கார்வது பழகிப்போன காட்சி.

புதுசாக ஒரு ஆன்டிபயாடிக் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது என்று சொல்வது இதனால்தான். படலம் உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்கு இதுவரை பலன் கொடுத்தவை எல்லாம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானவை.

பலூன் வைத்த கதீட்டரை 1930-களில் உருவாக்கியவர் ஃபிரெடெரிக் ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர். இன்றும் அந்தப் பெயரில்தான் மெடிக்கல் கடையில் கேட்கிறோம். அதன் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. சிறுநீர் உள்ளே நுழையும் துளை பலூனுக்கு மேலே இருப்பதால், பலூனைச் சுற்றிக் கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கியே இருக்கும். அந்தக் காலத்தில் டியூபின் மறுமுனையைத் திறந்த பாட்டிலில் விட்டிருந்தார்கள். நான்கு நாளில் கிட்டத்தட்ட அனைவருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடும். 1960-களில் மூடிய பைக்கு மாறினார்கள். கால்வின் குனினும் மெக்கார்மக்கும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பெரிய பலம். டியூபும் பையும் ஒன்றோடொன்று இணைந்து, நடுவில் எங்கும் கழற்றாமல் இருந்தாலே கிருமி வருவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. கடந்த அறுபது வருஷத்தில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. வார்டில் அடைப்பு எடுக்க என்று டியூபை பையிலிருந்து பிரித்துச் சிரிஞ்சால் கழுவும்போதெல்லாம் அந்த முன்னேற்றத்தைக் கழற்றி வைக்கிறோம்.

கிருமிக்கு இரண்டு பாதை. ஒன்று, டியூபின் வெளிப்புறம் வழியாகத் தோலிலிருந்து மேலே ஏறுவது. இன்னொன்று, பையின் குழாய்வாயிலோ இணைப்பிலோ புகுந்து டியூபின் உள்புறம் வழியாக ஏறுவது. சிறுநீர் கீழே வழிந்துகொண்டிருக்க, படலம் அதற்கு எதிராகச் சுவரைப் பிடித்தபடி மேலேறும். அதனால்தான் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரில் ஆளை மாற்றும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், பார்த்திருப்பீர்களே. பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடும். நம் ஊர் வார்டுகளில் பையைக் காலி செய்வது பெரும்பாலும் மாவ்ஷி என்று நாம் கூப்பிடும் ஆயாம்மாதான். ஒரே அளவுக் குடுவையைக் கட்டிலுக்குக் கட்டில் எடுத்துப் போய், அதன் விளிம்பில் குழாய்வாயைத் தொட்டு ஊற்றினால், ஒரு கட்டிலின் கிருமி எல்லாக் கட்டிலுக்கும் போகும். மாவ்ஷியிடம் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நம் ஆளுக்கென்று தனியாக ஒரு குடுவை வாங்கிக் கொடுத்து, "மாவ்ஷி, இதுல மட்டும் எடுங்க" என்று பணிவாகச் சொன்னால் கேட்பார்கள். நான் பார்த்த மாவ்ஷிகள் எல்லோரும் கேட்டார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், டியூப் இருக்கிற நாட்களைக் குறைப்பது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சஞ்சய் செயின்ட் 2000-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தங்கள் நோயாளிக்குக் கதீட்டர் இருக்கிறதா என்று டாக்டர்களையே கேட்டார்கள். டியூப் இருந்த நோயாளிகளில் 28 சதவீதம் பேர் விஷயத்தில் டாக்டருக்கு அது தெரியவில்லை. மாணவர்களிடம் 21 சதவீதம், பெரிய டாக்டர்களிடம் 38 சதவீதம். பதவி உயர உயர மறதி கூடியது. போர்வைக்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அவரும் சகாக்களும் பின்பு அமெரிக்காவின் 603 மருத்துவமனைகளில் ஒரு திட்டம் நடத்தினார்கள். தினமும் டியூப் தேவையா என்று பார்ப்பது, மாற்று வழிகளை யோசிப்பது, சுத்தமாகப் போடுவது, பயிற்சி கொடுப்பது. 2016-இல் முடிவு வந்தபோது, ஐசியு அல்லாத வார்டுகளில் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது. ஐசியுக்களில் அப்படிக் குறையவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதே செயின்ட் இன்னொரு கட்டுரையில், டியூப் என்பது நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போடும் கயிறு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். சித்தப்பா மாதிரி நடக்கத் தொடங்கிய பெரியவர்களுக்கு அது முழு உண்மை. டியூப் இழுக்குமோ என்ற பயத்திலேயே நடக்காமல் படுத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எடுப்பதற்கு முன் "பிளாடருக்கு டிரெயினிங்" என்று டியூபை மணிக்கணக்கில் கிளாம்ப் போட்டு மூடித் திறப்பார்கள். சில நாட்களுக்குப் போட்ட டியூபுக்கு இதனால் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதற்காக டியூபை இன்னொரு நாள் வைத்திருப்பது கிருமிக்கு இன்னொரு நாள் கொடுப்பதுதான்.

டியூபை உடனே எடுக்க முடியாத ஐசியு என்றதும், 2025 தொடக்கத்தில் புனேயின் சிம்மகட் சாலைப் பகுதியை உலுக்கிய கியாம்-பாரே என்ற நரம்பு நோய் நினைவுக்கு வருகிறது. 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். கை கால் இயங்காமல் பலர் ஐசியுவில் கிடந்தார்கள், மூச்சுக்கு வெண்டிலேட்டர் தேவைப்பட்டவர்களும் இருந்தார்கள். காரணமாகச் சந்தேகிக்கப்பட்ட தண்ணீரைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதின, எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த மாதிரி நோயில் நரம்பு மெல்ல மீண்டு வரும்வரை ஆளைக் காப்பாற்றி வைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி. அத்தனை நாளும் தொண்டையில், கழுத்து ரத்தக்குழாயில், சிறுநீர்ப்பையில் டியூப் இருக்கலாம். நோய் விட்டாலும் டியூப் கொன்றுவிடக் கூடாது என்ற போராட்டம் தலைப்புச் செய்தியாவதில்லை. அதை அன்றாடம் செய்தவர்கள் ஐசியு சிஸ்டர்கள்.

கழுத்து ரத்தக்குழாய் டியூப் பற்றிச் சுருக்கமாக. சென்ட்ரல் லைன் என்பார்கள். அதில் படலம் வந்தால் கிருமி நேரே ரத்தத்தில் இறங்குகிறது. மேலே சொன்ன இந்தியக் கணக்கில், பச்சிளம் குழந்தைகளின் ஐசியுவில் 1000 லைன் நாட்களுக்கு 20-க்கு மேல் தொற்று. மனசு பதறும் எண். பீட்டர் புரோனோவோஸ்ட் மிச்சிகனில் 103 ஐசியுக்களில் செய்து காட்டியது உலகத்துக்கே பாடம்: கை கழுவுதல், லைன் போடும்போது முழு மறைப்பு, தோலுக்குக் குளோர்ஹெக்ஸிடின், முடிந்தவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்தல். இந்த ஐந்தால் 18 மாதத்தில் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-இல் எழுதினார்கள். டயாலிசிஸ் லைன்களுக்கு, பயன்படுத்தாத நேரத்தில் டியூபுக்குள் கிருமிகொல்லித் திரவத்தை நிரப்பி வைக்கும் வழியும் உண்டு. டாரோலிடினும் ஹெபாரினும் சேர்ந்த அப்படி ஒரு மருந்துக்கு 2023 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் டயாலிசிஸ் நீண்ட நாள் தேவை என்று தெரிந்தால், கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொள்வதைத் தள்ளிப்போடாதீர்கள். சொந்த ரத்தக்குழாயில் ஒட்டுவதற்குக் கிருமிக்குப் பிளாஸ்டிக் கிடைக்காது.

இனி புனேயின் பங்கு. சாவித்ரிபாய் பூலே புனே பல்கலைக்கழகத்தில் பாலு சோபடே பல வருஷம் அசினெடோபாக்டர் என்ற கிருமியின் பின்னால் போனார். மருத்துவமனைகளில் பிடிவாதமாகத் தங்கும் கிருமி அது. சிறுநீர்த் தொற்றிலிருந்தும் சிறுநீர்க் கதீட்டர்களிலிருந்தும் எடுத்த அசினெடோபாக்டர் எப்படிப் படலம் கட்டுகிறது என்று அவர் குழுவும் ஸ்மிதா சிஞ்சர்டேயும் சேர்ந்து 2011-இல் எழுதிய கட்டுரை நம் ஊரிலிருந்து இந்தப் பிரச்சினைக்குப் போன முக்கியமான பதிவு. அடுத்த வருஷம் அதே குழு, காட்டுவள்ளி வகைக் கிழங்கு ஒன்றின் சாற்றால் வெள்ளி நானோ துகள்கள் செய்து, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தால் மருந்தின் வீரியம் கூடுவதைக் காட்டியது. தமிழ்நாட்டில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் கருத்தப்பாண்டியனும், தஞ்சாவூர் சாஸ்த்ராவில் அட்லின் பிரின்சியும் வேறு வழியில் போகிறார்கள். கிருமியைக் கொல்லாமல், கிருமிகள் தமக்குள் ரசாயனச் சைகை அனுப்பிக் கூட்டம் சேர்வதைத் தடுப்பது. மலைவேம்பு விதைச் சாற்றிலிருந்து, சிறுநீர்த் தொற்று ஈ.கோலியின் அந்தச் சைகையைக் குழப்பும் பொருள்களைத் தஞ்சாவூரில் தேடியிருக்கிறார்கள். கொல்லாமல் விட்டால் எதிர்ப்பு வளரும் நெருக்கடியும் குறையும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். எனக்கு இந்த வழி மேல் நம்பிக்கை அதிகம்.

ஆனால் லேபில் ஜெயிப்பது வேறு, படுக்கையில் ஜெயிப்பது வேறு. வெள்ளி பூசிய கதீட்டர் உலகம் முழுக்க விற்கிறது, விலையும் அதிகம். பிரிட்டனில் ராபர்ட் பிக்கர்ட் தலைமையில் 24 மருத்துவமனைகளில் 7102 பேரை வைத்துச் சோதித்து 2012-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். சாதா டியூபில் 12.6 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. வெள்ளி டியூபில் 12.5. நைட்ரோஃபியூரால் என்ற மருந்து ஊறிய டியூபில் 10.6, ஆனால் அது போட்டிருக்கும்போது எரிச்சல் அதிகம். வெள்ளி பூசினதுதான் வேண்டும் என்று யாராவது உங்களைச் செலவு செய்யச் சொன்னால் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் நல்ல பராமரிப்புக்கு ஆள் வைக்கலாம். நம் பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்புகளும் இப்படிப்பட்ட பெரிய மனிதச் சோதனை வரை போக வேண்டும். கட்டுரையோடு நின்றுவிடும் நிலையை மாற்ற நிதி வேண்டும், அரசு மருத்துவமனைகளின் கதவு திறக்க வேண்டும்.

டியூபோடு வீட்டுக்கு வந்துவிட்டவர்களுக்கு, நாங்கள் சித்தப்பாவை வைத்துப் பழகியதைச் சொல்கிறேன். டியூப் உள்ளே நுழையும் இடத்தைக் குளிக்கும்போது சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். டெட்டாலும் பீட்டாடினும் தினமும் தடவினால் தோல்தான் புண்ணாகும். தொடையில் டியூபைப் பிளாஸ்திரி போட்டு நிறுத்திவிட்டால் இழுபடாது. இழுபட்டால் உள்ளே புண், புண்ணானால் ஃபைப்ரினோஜன், மீதி உங்களுக்கே தெரியும். பையைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். பையைத் துவைத்துத் திரும்ப மாட்டும் சிக்கனம் வேண்டாம்.

சிலருக்கு டியூப் திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்ளும். சித்தி "பிராப்தம்" என்றாள். பெரும்பாலும் அது புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் நொதி அதனிடம் இருக்கிறது. சிறுநீர் காரமாக மாறும், கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகி இறங்கும். வெறும் கூழாக இருந்த படலம் கல்லாகிவிடும். வேல்ஸின் கார்டிஃபில் டேவிட் ஸ்டிக்ளர் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்குச் செலவழித்தார். சிறுநீர் நீர்த்திருந்தால், சிட்ரேட் அதிகமிருந்தால், படிகம் இறங்குவது தாமதமாகும் என்று அவர் குழு காட்டியது. நிறையத் தண்ணீர், நடுவில் எலுமிச்சைச் சாறு. சிறுநீரகம் பழுதானவர்களும் இதய நோயாளிகளும் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கடி அடைக்கிறவருக்கு லேடெக்ஸ் டியூபைவிட, உள்விட்டம் பெரிய முழு சிலிக்கோன் டியூப் நல்லது. விலை பல மடங்கு, ஆனால் நடுராத்திரியில் ஆட்டோ தேடி ஓடும் செலவை அதோடு வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, டியூப் இல்லாமல் முடியவே முடியாதவர்கள். கட்கியில் 1974 முதல் பாராப்ளெஜிக் ரிஹாபிலிடேஷன் சென்டர் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்ட ராணுவ வீரர்கள் அங்கே வாழ்கிறார்கள். சக்கர நாற்காலியில் விளையாடுகிறார்கள், கை அசையாதவர்கள் வாயில் தூரிகை பிடித்துப் படம் வரைகிறார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் யோசிப்பேன்: முதல் உலகப் போரில் இதே காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குண்டுக்குத் தப்பியவர்களைச் சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும் கொண்டுபோயின. லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில்லில், நிரந்தர டியூபுக்குப் பதில் வேளைக்கு வேளை டியூப் விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு வெளியே இழுத்துவிடும் முறையைப் பரப்பினார். 1972-இல் ஜாக் லாபிடிஸ் இன்னும் ஒரு படி போனார். கிருமியே இல்லாத கையுறை, அறை எல்லாம் வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவிய கை போதும், நோயாளியே தனக்குச் செய்துகொள்ளலாம் என்றார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பி ரத்த ஓட்டம் குறைவதுதான் தொற்றுக்கு வழிவிடுகிறது, டியூபில் ஒட்டிய சில கிருமிகள் அல்ல என்பது அவர் வாதம். டாக்டர்கள் அதிர்ந்தார்கள், ஆனால் அவர் நோயாளிகள் நன்றாக இருந்தார்கள். படலம் கட்ட நாள் வேண்டும். சில நிமிடம் இருந்துவிட்டு வெளியே வரும் டியூபில் அதற்கு நேரமே இல்லை. நாளுக்கு நான்கிலிருந்து ஆறு முறை. கை வேலை செய்யும் யாருக்கும், சர்க்கரை நோயில் சிறுநீர்ப்பை நரம்பு கெட்டவர்களுக்கும்கூட, இது சாத்தியமா என்று யூராலஜிஸ்டிடம் கேளுங்கள். கூச்சத்தால் கேட்காமல் விட்டவர்கள் எத்தனையோ பேர்.

முதுகுத்தண்டின் மேல்பகுதியில் அடிபட்டு டியூபோடு வாழ்கிறவர் வீட்டில் இருந்தால் ஒன்றை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை கொட்டுவது, ரத்த அழுத்தம் எகிறுவது என்று வந்தால், தலைவலி மாத்திரை தேடாதீர்கள். உடனே அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சரியாகவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவு டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டர் பிரஷருக்கு மட்டும் மருந்து எழுதத் தொடங்கினால், "டாக்டர், முதல்ல டியூப் அடைச்சிருக்கான்னு பாருங்க" என்று சொல்லுங்கள்.